மாமன் சேலைக்குத் தீர்வை

ராஜபாளையம் சந்தனமேரி ஏழு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு இலங்கைக்குப் போனாளாம். தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்க அதிகாரி அவளை நிறுத்தி, பம்பரத்திலிருந்து சாட்டையை உருவுவதுபோல் ஆறு சேலைகளை உருவிப் பறிமுதல் செய்தானாம். மிச்சமிருந்த ஒரு சேலையோடு அழுதுகொண்டே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாளாம்.

ஏழு என்பது ரயிலடிக் காபி கிளப்பின் கணக்கு. பஞ்சுப்பேட்டையில் அது ஒன்பதாகியிருந்தது. அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போய்வந்த கோஷ்டி ஒன்று, அவள் கப்பலேணியில் கால் தவறிக் கடலில் விழுந்ததாகவும், சேலைகளுக்குள் காற்றுப் புகுந்து பூசணிக்காய்போல் மிதந்ததாகவும் கதையை நீட்டியிருந்தது. அருவியில் குளித்தவர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்தது இயற்கைதான்.

"ஏழு சேலைங்கிறீரே, நீர் எண்ணினீரா?" என்று காபி கிளப் குருசாமியைக் கேட்டேன்.

"நான் எங்கய்யா எண்ண? எண்ணினவன் சொன்னான்."

"எண்ணினவன் யாரு?"

"அவன்ட்டயும் ஒருத்தர் சொன்னதுதான்."

பக்கத்தில் பஞ்சுத் தரகர் சுப்புராஜ் உட்கார்ந்திருந்தார். "அவுனு, அவுனு" என்று வீட்டுத் தெலுங்கில் ஆமாம் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார். "எங்க பேட்டையில ஒம்பது. நீங்க இங்க ரெண்டு சேலையக் கொறச்சுட்டீங்க."

வதந்தியை நம்புவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நம்பிவிட்டால் வேலை மிச்சம். ஆனால் ஏழு சேலை கட்டிய பெண் ரயில்பெட்டிப் படியில் எப்படிக் காலைத் தூக்கி வைப்பாள் என்கிற சந்தேகம் மட்டும் செரிக்கவில்லை. வீட்டில் ஒருமுறை கட்டிப் பார்க்கச் சொன்னேன். அன்று காபி கிடைக்கவில்லை. ஆகவே நேரில் விசாரிப்பதே சிக்கனம் என்று கிளம்பினேன்.

சந்தனமேரி ஒரு ஜின்னிங் பாக்டரியில் பருத்தி பொறுக்குகிறாள். மெஷினுக்குப் போகுமுன் பருத்தியிலிருந்து சருகையும் காய்த்தோட்டையும் பொறுக்கி எறிவது அவள் வேலை. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கல்யாணமான மறுவருஷமே புருஷனை அம்மை கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு தங்கை பரிபூரணத்தையும் தம்பி இருதயத்தையும் வளர்த்தது அவள்தான். தங்கையைக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு நல்ல மனிதருக்குக் கட்டிக்கொடுத்தாள். தம்பியைப் பஞ்சு லாரியில் வேலைக்கு ஏற்றிவிட்டாள்.

பார்ப்பதற்குச் சாதுவான பெண். ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லச் சொன்னால் கழுத்து விறைத்துக்கொள்ளும். ஞானத்தினால் அல்ல, பிடிவாதத்தினால். கோவிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் வழக்கம்போல், "கோபப்பட்டாயா, மகளே?" என்று கேட்டால், மற்றவர்கள் ஆமாம் என்று சொல்லி முழங்காலுக்குச் சீக்கிரம் விடுதலை வாங்குவார்கள். இவள், "இந்த வாரம் படல சாமி" என்பாள். சாமியார் நன்றாக யோசித்துப் பார்க்கச் சொல்வார். "யோசிச்சுட்டுத்தான் வந்தேன்" என்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அந்த வாரத்துக் கோபத்தை அங்கேயே பட்டு முடிப்பார்கள்.

பாக்டரி வாசலில் அவளைப் பிடித்தேன்.

"எத்தன சேலை கட்டிட்டுப் போன, சந்தனமேரி?"

"மனுசி எத்தன கட்டுவா? ஒண்ணு."

"ஊர்ல ஏழுங்காவளே?"

"ஊர்க்காரவிய வாயிலயாவது எனக்கு ஏழு சேலை இருக்கட்டும். எனக்கு மொத்தமே அம்புட்டு கெடையாது" என்றாள்.

அதற்குமேல் வதந்தியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சேலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேசினாள்.

பரிபூரணத்தின் மகள் பிலோமினாளுக்குக் கொழும்பில் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன் சேலை எடுத்து, தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கோவிலில் ஓதும் மந்திரம் லத்தீனில் இருந்தாலும் மாமன் சேலை தமிழில்தான் வர வேண்டும். ஆனால் மாமன் இருதயம் போன மார்கழியில் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். கிடையில் கிடந்தபோதும், "பிலோமிக்கு மாமன் சேலை நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே கிடந்தானாம்.

மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய்க் கொழும்பில் கடை வைத்துப் பெருத்தவர்கள். "பொண்ணுக்கு மாமன் கிடையாதாமே, சீர் தட்டுக்கு யாரு வருவா?" என்று அவர்கள் பக்கத்துப் பேச்சு கடல் தாண்டி இங்கே வந்தது. சந்தனமேரி தங்கைக்குப் பதில் சொல்லி அனுப்பினாள்: "மாமன் எடத்துல நான் வருதேன். மாமன் சேலை வரும்."

அவள் நினைத்ததெல்லாம் இது ஒன்றுதான். தம்பி வாக்குக் கொடுத்த சேலை, மடிப்புக் கலையாமல், ஒருவர் உடம்பிலும் படாத புதுச் சேலையாகத் தட்டில் போய் உட்கார வேண்டும். மாமன் சேலை என்றால் புதுச் சேலை. உடுத்திய சேலையைக் கொடுப்பது இல்லாதவளுக்குப் பிச்சை போடுவதுபோல. அப்படி ஒரு பேச்சு வந்தால் பிலோமினாள் அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தறிக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கினாள். அரக்குச் சிவப்பு, விரற்கடை அகலச் சரிகை. பாக்டரியில் ஓவர்டைம் பார்த்த காசு அத்தனையும் அந்தச் சரிகையில் போயிற்று. வாங்கிய சேலையைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து, முனையில் மஞ்சளைக் குழைத்துச் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள். புதுத்துணி முனையில் மஞ்சள் வைப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வது. இந்துக்கள் பொட்டாக வைப்பார்கள், வேதக்காரர்கள் சிலுவையாகப் போடுவார்கள். மஞ்சள் ஒரே கடை மஞ்சள்தான்.

துணைக்கு மாப்பிள்ளையின் அத்தை வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வசதியான வீடு. அவரை ஏசம்மாள் என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. தெருவையும் சொல்லப்போவதில்லை. அதற்குள்ளேயே நாலைந்து அம்மாள்கள் மேல் சந்தேகம் விழுந்திருக்கும், அவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏசம்மாளை 'அவர்' என்றும் சந்தனமேரியை 'அவள்' என்றும் எழுதுவது பத்திரிகை வழக்கம். அந்த வழக்கம் சரிதானா என்பதைக் கடைசியில் வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

இனிமேல் நடந்ததற்கு எனக்குக் கிடைத்த சாட்சி, வ. புதுப்பட்டி ஞானதுரை. கொழும்பில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வந்துவிட்டு அதே ரயிலில் திரும்பியவர். மறுபடி வந்திருந்தபோது அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன்.

மானாமதுரை தாண்டியதும் ரயில்பெட்டியில் எல்லாரும் வக்கீலாகிவிட்டார்களாம். இலங்கைக்குள் எதைக் கொண்டுபோகலாம், எதற்குச் சுங்கத் தீர்வை, எதற்கு இல்லை என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். காதில் கிடந்தால் நகை, டப்பாவில் கிடந்தால் சரக்கு. உடுத்திப் பழகியது சொந்தச் சாமான், தீர்வை கிடையாது. மடிப்போடு இருக்கிற புதுத்துணிக்குத் தீர்வை கட்டியே ஆக வேண்டும்.

சட்டம் தெரிந்ததும் பெட்டியில் வேலை மும்முரமாகத் தொடங்கியது. ஒருவர் சுருட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு சுருட்டின் நுனியையும் கடித்துக் கடித்து மறுபடி கட்டி வைத்தார். கடித்த சுருட்டு சொந்த உபயோகமாம். இன்னொருவர் புதுச் செருப்பை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கிப் பிளாட்பாரத்தில் தேய்த்துவிட்டு ஏறினார். ஞானதுரை புதுக்குடை ஒன்று வைத்திருந்தார். அதைப் பெட்டிக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு பாம்பன் பாலத்தைக் கடந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். கூரையுள்ள பெட்டிக்குள் குடை பிடித்தால் குடை பழசாகுமா, பிடித்தவர்தான் பழசாவாரா என்று கேட்டேன். 

இப்படிப் பெட்டி முழுவதும் புதுசைப் பழசாக்கிக்கொண்டிருக்க, சந்தனமேரி மட்டும் தகரப்பெட்டியை மடியில் வைத்து, புதுசு புதுசாகவே இருக்கக் காவல் காத்திருக்கிறாள்.

சுருட்டுக்காரருக்கு மனம் தாங்கவில்லை. "தாயி, அந்தச் சேலைய இப்பமே சுத்திக்கோ. அந்தக் கரையில மடிச்சு வச்சுரலாம். சல்லிக் காசு தீர்வை கெடையாது."

"மாமன் சேலைய நான் கட்டவா? நல்ல யோசனை சொன்னிய. தாலியையும் நானே கட்டிக்கிட்டுப் போயிரட்டுமா?"

பெட்டி சிரித்தது. ஏசம்மாள் சிரிக்கவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார்.

தனுஷ்கோடியில் அந்த யோசனை வெளிப்பட்டது. பெண்கள் தங்கும் அறைக்குள் ஒல்லியாகப் போன ஏசம்மாள், வெளியே வரும்போது நல்ல பருத்த ஸ்திரீயாக வந்தார். ஊர் ஏழு என்றும் ஒன்பது என்றும் எண்ணிக்கொண்டிருக்கும் சேலைகள் உண்மையில் மூன்று. கட்டியிருந்தவர் இவர். குழாயடியில் கால் கழுவச் சேலையைக் கொஞ்சம் தூக்கியபோது, மூன்று பார்டரும் படிக்கட்டுப்போல் வரிசையாகத் தெரிந்தன என்கிறார் ஞானதுரை. அம்மாளின் காலைப் பார்க்க இவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

சந்தனமேரியும் பார்த்தாள். "மதினி, குளிருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாட்டி. கடக்காத்து."

மாதம் வைகாசி.

தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கிச் சுங்கக் கொட்டகைக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். மேலே தகரம், கீழே மணல், நடுவில் மனிதர்கள் வெந்துகொண்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி இலங்கையிலேயே பிறந்த பறங்கியர். தமிழ் பேசினார். கடித்த சுருட்டைப் பார்த்தார், தேய்ந்த செருப்பைப் பார்த்தார், எல்லாவற்றையும் பலமுறை பார்த்துச் சலித்தவர்போல் சாக்கட்டியால் கோடு போட்டு அனுப்பினார். ஏசம்மாளின் பெட்டியில் ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? அவர் தப்பித்து ஒதுங்கி, சந்தனமேரிக்காகக் காத்து நின்றார்.

அதிகாரி தகரப்பெட்டியைத் திறந்து சிவப்புச் சேலையை எடுத்தார். முனையைப் பிரித்தார். மஞ்சள் கண்ணில் பட்டது. சந்தனமேரியையும் பார்த்தார். நூற்பஞ்சு ஒட்டிய தலை, வெறுங்காது. நல்ல மனிதர், இரக்கப்பட்டுவிட்டார்.

"கறை பட்டிருக்கு. பாவிச்ச பழைய சேலை. தீர்வை இல்லை. போங்கோ அம்மா."

அங்கே வேறு யாராயிருந்தாலும் பெட்டியை மூடிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சந்தனமேரி திரும்பி ஏசம்மாளைப் பார்த்தாள். ஏசம்மாளின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. 'மாமன் சேலை பழசு, சர்க்காரே சொல்லிட்டான்' என்கிற செய்தி அந்தச் சிரிப்பில் கொழும்புக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தது.

சந்தனமேரி மேஜையை விட்டு நகரவில்லை.

"ஐயா, அது கறை இல்ல. மஞ்சள்."

"மஞ்சள் பட்டாலும் கறைதானே?"

"படல. நாந்தான் வச்சேன். புதுச் சேலைன்னா மஞ்சள் வைப்போம். இத இன்னும் யாரும் கட்டல."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் சொல்லுறது விளங்குதா? நீங்க ஒருக்கா கட்டினது எண்டு சொல்லுங்கோ. சும்மா விடுறன்."

"கட்டாத சேலையக் கட்டினேன்னு எப்படிச் சொல்ல?"

"புதுசு எண்டால் தீர்வை கட்ட வேணும்."

"கட்டுதேன். புதுசுன்னு எழுதி ரசீது கொடுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மேசையில இருந்து, புதுசைப் பழசு எண்டு சத்தியம் பண்ணுற ஆக்களைத்தான் பாத்திருக்கிறன்" என்றார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை என்கிறார் ஞானதுரை.

பின்னாலிருந்து சுருட்டுக்காரர் கத்தினார்: "ஏ தாயி, சும்மா விடுதாம்லா, போயேன்! எங்களையும் சேத்து வேக வைக்காத!"

"நீரு கடிச்ச சுருட்டப் பத்திரமா வச்சுக்கிட்டு நில்லும்" என்றாள் சந்தனமேரி, திரும்பிப் பார்க்காமலே.



ஏசம்மாளின் சிரிப்பு இதற்குள் போயே போய்விட்டது. மூன்று சேலைக்குள் அவர் அவிந்துகொண்டிருந்தார். வேர்வை நெற்றியிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து கழுத்துக்கும் இறங்கியது. "ஏட்டி, வாட்டி போவோம்" என்று சந்தனமேரியின் தோளைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்பில் அதிகாரியின் பார்வை அவர்மேல் விழுந்தது.

"நீங்க இவவுக்குச் சொந்தமோ? நீங்க சொல்லுங்கோ. இது புதுசோ, பழசோ?"

புதுசு என்று சொன்னால் கொழும்புக்குக் கொண்டுபோகச் செய்தி இருக்காது. பழசு என்றால் சந்தனமேரி திரும்பி என்ன சொல்வாளோ! ஏசம்மாள் விழித்தார். "எனக்குத் தலை சுத்துதுய்யா" என்றார்.

"ஏன் இப்பிடி வேர்க்குது? காய்ச்சலோ?" அதிகாரி எழுந்தேவிட்டார். "காய்ச்சல் எண்டால் டொக்டரிட்ட அனுப்ப வேணும்."

டாக்டரிடம் போனால் நாடி பார்ப்பார். நர்சு ஒருத்தி இடுப்புச் சேலையைத் தளர்த்துவாள். தளர்த்தினால் உள்ளே இன்னொன்று. அதற்குள் இன்னொன்று. ஏசம்மாளின் கண் நிறைந்துவிட்டது.

சந்தனமேரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். மாப்பிள்ளை வீட்டு அத்தையின் மானம் அந்த மேஜைமேல் மடிப்பு மடிப்பாகப் பிரிந்திருக்கும். மாமன் சேலையைப் பற்றி அந்தப் பக்கத்தார் யாரும் அதற்குப் பிறகு பேச முடியாது.

"காய்ச்சல் இல்லய்யா. அவியளுக்குக் கப்பல் ஒத்துக்கிடல. வழியெல்லாம் ஓங்கரிச்சுக்கிட்டே வந்தாவ. செத்த நேரம் காத்துப்பட ஒக்காந்தாச் சரியாயிரும்" என்றாள் சந்தனமேரி. தன் முந்தானையால் ஏசம்மாளுக்கு விசிறிக்கொண்டே அவரைக் கொட்டகைக்கு வெளியே ஒரு மூட்டைமேல் உட்கார்த்தி வைத்துவிட்டு, திரும்பி வந்து மேஜைமுன் நின்றாள். இல்லாததைச் சொல்லவே மாட்டாளே இவள் என்று வாசகர் கேட்கலாம். ஏசம்மாள் கப்பலில் உண்மையிலேயே ஓங்கரித்தாராம். ஞானதுரையின் புதுக்குடை அதற்குச் சாட்சி. தலைமன்னாருக்கு வரும்போது அந்தக் குடையைப் பழசு என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அதிகாரி எழுதினார். சந்தனமேரி கட்டினாள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: அவள் தீர்வைக்கென்று தனியாக எதையும் கொண்டுவரவில்லை. ரயில் சீட்டு அக்கரையில் வாங்கினால் மலிவு என்று யாரோ சொன்னதை நம்பி, தலைமன்னார்வரைக்கும்தான் சீட்டு எடுத்திருந்தாள். கொழும்புச் சீட்டுக்கு வைத்திருந்ததைத்தான் சுங்கத்தில் கொடுத்திருந்தாள். கையில் ரசீது இருந்தது, பெட்டியில் புதுச் சேலை இருந்தது, எதிரே ரயில் நின்றது, ஏற வழியில்லை.

ஏசம்மாள் எழுந்து போனார். இரண்டு சீட்டுகளோடு வந்தார். ஒன்றைச் சந்தனமேரியின் கையில் திணித்தார்.   "ஊருக்குப் போனதும் கொடுத்துருதேன் மதினி" என்று ரயில் புறப்பட்ட பிறகு சொன்னாளாம். தலைமன்னாரில் பருமனாக ஏறிய ஏசம்மாள் அநுராதபுரத்தில் பழையபடி மெலிந்திருந்தார் என்று ஞானதுரை சொல்லி முடித்தார்.

கல்யாணத்தில் நடந்ததைப் பரிபூரணம் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னாள். தாய்மாமன் சீர் வரும் நேரம். ஆண்பிள்ளை தூக்க வேண்டிய தட்டைச் சந்தனமேரி தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, சிவப்புச் சேலை, சேலையின்மேல் நாலாய் மடித்த சுங்க ரசீது. மாப்பிள்ளையின் பெரியப்பா ரசீதை எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் ஒருமுறை படித்தார். பிறகு கூட்டத்துக்காகத் தமிழில், "புதுச் சேலை ஒன்று, சரிகை உள்ளது, தீர்வை செலுத்தப்பட்டது" என்றார்.

பந்தல் முழுவதும் சிரித்தது. "மாமன் சேலைக்கு ராஜாவே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காருய்யா!" என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கியபோது பிலோமினாள் தட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். "இருதயம் இருந்திருந்தா இம்புட்டு ரோதனை இருக்காது, தட்டை எறிஞ்சுட்டுச் சாராயக் கடைக்குப் போயிருப்பான்" என்று சொல்லி, சந்தனமேரியும் அழுதிருக்கிறாள்.

அப்படியானால் ஏழு சேலை எங்கிருந்து முளைத்தது? அதை விசாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். ஏசம்மாள் நல்ல காபி கொடுத்தார். கொழும்பு உறவுக்காரப் பெண்களுக்கு அவர் மூன்று சேலை எடுத்ததை அக்கம்பக்கம் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தீர்வை எவ்வளவு ஆயிற்று என்று திரும்பி வந்ததும் கேட்டிருக்கிறார்கள்.

"நான் பாட்டுக்கு, சில பேரு சேலைமேல சேலை சுத்திட்டு வாராவன்னு பொதுவாச் சொன்னேன். உங்ககூட வந்த சந்தனமேரியான்னு கேட்டாவ. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அம்புட்டுத்தான்" என்றார்.

அந்த அம்புட்டுத்தான் ஏழு மைல் பஸ்ஸில் வந்து, மைலுக்கொரு சேலையாக ராஜபாளையத்தில் இறங்கியிருக்கிறது.

நான் காபியை முடிக்குமுன் வாசலில் சந்தனமேரி வந்து நின்றாள். முந்தானையில் ஒரு முடிச்சு.

"வாட்டி சந்தனம். வெயில்ல ஏன் அலையுத?"

"டிக்கெட்டு ரூவா, மதினி."

"அதுக்கென்ன இப்பம்? கெடக்கட்டும்."

"போன தடவையும் கெடக்கட்டும்னிய."

"காப்பி குடி."

"குடிக்கேன். ரூவாய வாங்குங்க."

"என்னட்டி இது, நான் என்ன வேத்தாளா? ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தேன்னு ஊரு பாக்க நீட்டுத?"

"அதுக்கில்ல மதினி. கடன்பட்டுக்கிட்டு நான் ஒரு வார்த்தை பேசப்படாதுல்லா. அதான்."

முடிச்சை நோக்கி நீண்டிருந்த ஏசம்மாளின் கை அப்படியே திரும்பிக் காபி டம்ளரை எடுத்தது. "ஆறிப்போவும், குடி" என்றார். சந்தனமேரி குடித்தாள். பிலோமினாள் முழுகாமல் இருக்கிறாளாம், பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி இருவரும் சந்தோஷமாகப் பேசினார்கள். மறுபடியும் சந்தனமேரி முடிச்சைத் தொட்டாள். மறுபடியும் ஏசம்மாளுக்கு அடுக்களையில் வேலை வந்துவிட்டது.

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே நடந்தேன். எனக்கு யாரும் சீட்டு எடுத்துக் கொடுத்ததில்லை, ஆகவே நான் எழுதலாம். ஆனால் அவள் வாயால் ஒரு வார்த்தை கிடைத்தால் எழுத்துக்குக் கெட்டியாக இருக்கும்.

"ஏழு சேலை, ஒம்பது சேலைன்னு ஊரு உன்னைத்தான சொல்லுது? யாரு கட்டினதுன்னு நீயே சொல்லிரலாமே?"

"அவிய டிக்கெட்டுலதான கொழும்புக்குப் போனேன்? தட்டு தூக்கினதும் அதுனாலதான? அவிய ரூவாய வாங்கட்டும். பொறவு பேசுதேன்."

"அவிய வாங்கவே மாட்டாவளே!"

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன்லா."

பஸ் வந்தது. கண்டக்டருக்குக் கொடுப்பதற்கு அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துச் சில்லறை தேடினாள். முந்தானை முடிச்சைத் தொடவில்லை. அது ஏசம்மாளின் பணம்.